ஆச்சியின் முதல் வருஷ நினைவு நாள்: வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடத்த முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆச்சி இறந்து முப்பதாம் நாள் ஜெபத்தில் பேச வந்தவர், "அன்பே உருவானவர், பண்பின் சிகரம், விருந்தோம்பலில் சிறந்தவர்" என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி மகளுக்கு ஏழு வயசு. என் காதில் கேட்டாள்: "அண்ணே, இவங்க யாரச் சொல்லுதாங்க?"

அவர்மேல் தப்பில்லை. ஆச்சியைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒன்றுமே சொல்லிவைக்கவில்லை. போதாக்குறைக்கு, நாங்கள் அச்சடித்துக் கொடுத்த நினைவு மடலில் ஆச்சி பிறந்த வருஷமே தப்பு.

முதல் வருஷ நினைவு நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டோம். என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம் என்று அப்போது குறித்துவைத்ததைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஓரத்து ஊர்க்காரர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபை. ஐயர் (போதகர்), உபதேசியார் (ஊர்ச் சபையில் அவருக்கு உதவி), சேகரம் (ஒரு ஐயரின் கீழ் வரும் ஊர்ச் சபைகள்), கோயில் (தேவாலயம்), அசனம் (விருந்து) என்று எங்கள் பக்கத்துச் சொற்களாகவே வரும். மற்றவர்கள் அவரவர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1. எதற்குக் கூடுகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

எங்கள் சபை முறையில் இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அவரை நமக்குத் தந்ததற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம், இருக்கிறவர்களின் ஆறுதலுக்காக ஜெபிப்போம். மடலில் "நினைவு ஸ்தோத்திர ஜெபம்" என்று போடுவது அதனால்தான். அச்சகத்தில் பழக்கதோஷத்தில் "ஆத்மா சாந்தியடைய" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். மாதிரிப் படி கையில் வந்ததும் பார்த்து அடித்துவிடுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் வேறு. ஆண்டு நினைவுக்குப் பங்கில் (அவர்கள் ஊர்க் கோயிலில்) சொல்லிவைத்து, அன்றைய திருப்பலியை இறந்தவரின் ஆத்துமாவுக்காக ஒப்புக்கொடுப்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளும் அவர்களுக்கு முக்கியம். எங்கள் பெரியம்மா வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்க வீட்டில். காலையில் அவர்கள் பங்கில் பூசை வைத்துவிட்டு, மாலையில் எங்கள் ஜெபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் திருத்தப் போகவில்லை.

ஐயரிடம் பேசும்போது ஒன்று சொன்னார். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்று பேர் சொல்லி வருகிறவள் ஒரே ஒருத்திதான்: தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள். அவளைப் பற்றிப் பவுல் எழுதியது ஒரே வசனம், 2 தீமோத்தேயு 1:5. அவளிடம் இருந்த விசுவாசம் மகளுக்கு வந்து, அங்கிருந்து பேரனுக்கு வந்தது என்பதோடு சரி. "உங்க ஆச்சிகிட்டருந்து உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க, பிரசங்கத்த அதுல வச்சுக்கிடுவோம்" என்று அனுப்பிவிட்டார். அந்த வேலைக்குத்தான் மூன்று மாதம் ஆனது.

2. நாளும் நேரமும்

இறந்த தேதியிலேயே வைப்பது நல்லது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகத் தள்ளவேண்டியிருந்தால், அடுத்த சனிக்கிழமை மாலை வசதி. ஞாயிறு காலை வேண்டாம். ஒரு சேகரத்தில் பல ஊர்க் கோயில்கள் இருக்கும், ஐயருக்கு அன்றைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாளை முடிவு செய்ததும் உபதேசியாரிடம் சொல்லி ஆராதனை அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். மாலை ஆறரைக்கு என்று போட்டால் ஏழுக்கு ஆரம்பிக்கும்.

3. தேதிகளைச் சரிபாருங்கள்

ஆச்சி, தாத்தா தலைமுறைக்குப் பிறந்த தேதி என்று ஆவணத்தில் இருப்பதை அப்படியே நம்பக்கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி, ரேஷன் கார்டுக்கு ஏறி, அங்கிருந்து ஆதாருக்கு ஏறியிருக்கும். எங்கள் மடலில் வந்த 1941 அப்படி வந்ததுதான்.

நம்பகமான இடம் கோயில். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகும் சடங்கு), திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. 2003இல் தூத்துக்குடி–நாசரேத், திருநெல்வேலியிலிருந்து தனித் திருமண்டலமாக (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளாக) பிரிந்ததால், பழைய விவரத்துக்குத் திருநெல்வேலித் திருமண்டலத்தின் தலைமையிடமான பாளையங்கோட்டைக்கு ஓடவேண்டுமோ என்று நாங்கள் பயந்தோம். வேண்டியிருக்கவில்லை, பதிவேடு சேகரத்திலேயே இருந்தது. ஐயரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் ஒதுக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தைப் புரட்டும்போது விரலில் எச்சில் தொடாதீர்கள்; அந்தத் தாள் தாங்காது.

பதிவேடு கிடைக்காவிட்டால், ஊரறிந்த சம்பவங்களை வைத்துக் கணக்குப் போடலாம். "சுதந்திரம் வந்தப்போ பள்ளிக்கூடத்துல மிட்டாய் குடுத்தாவ, நான் அஞ்சாப்பு" என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். 1947இல் பத்து வயசு என்றால் பிறந்தது 1937 வாக்கில் என்று முதலில் கணக்குப் போட்டோம். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் 1937தான் இருந்தது. "தனுஷ்கோடி புயலுக்கு உங்க அத்தை கைப்பிள்ளை" என்பாள். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. ஆச்சி வயசைத் தேடப் போய் அத்தையின் வயசிலும் ஒரு வருஷம் கூடிவிட்டது. அத்தைக்கு அதில் வருத்தம்தான்.

4. அவர்களுடைய வேதபுத்தகத்தைத் திறந்து பாருங்கள்

மற்ற எல்லாப் படியையும் விட்டாலும் இதை விடாதீர்கள். எங்கள் ஆச்சியிடம் இருந்தது பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகமம், 1871இல் ஹென்றி பவர் ஐயர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. கறுப்பு அட்டை, ஓரம் எல்லாம் சிவப்புச் சாயம் போய் வெளுத்திருந்தது. உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று பட்டியல் போட்டோம்: ஐந்து வருஷத்துக் குருத்தோலைகள், சாத்தான்குளம் பஸ் டிக்கெட் ஒன்று, மளிகைச் சிட்டை, தாத்தாவின் பாஸ்போர்ட் அளவு படம், முதல் வெள்ளைத் தாளில் எட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள். எட்டில் இரண்டுக்கு நேரே சின்னதாக ஒரு சிலுவை. எங்கள் அப்பாவுக்குக்கூட அந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

அடுத்ததாகச் சங்கீதம் 121. அதன் கடைசி வசனம், கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்கும் காப்பார் என்பது. அதற்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஐந்து தேதிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. பேர் எதுவும் இல்லை. முதல் தேதி 1969. அப்பா யோசித்துச் சொன்னார்: பெரியப்பா பம்பாய்க்கு ரயில் ஏறின நாள். அடுத்தது மாமா குவைத்துக்குப் போனது. மற்றதையும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்து கண்டுபிடித்தோம். ஐந்தாவது, நான் வேலைக்குச் சென்னைக்குக் கிளம்பின நாள். அன்றைக்கு ஆச்சி வாசல்வரை வரவில்லை, சொல்லிக்கொள்ளப் போனபோது அடுப்படியில்தான் இருந்தாள். எனக்கு அது ரொம்ப நாள் குறையாக இருந்தது.

இப்படி ஒன்று கிடைத்தால், நினைவு நாளுக்கான வேதபாடத்தை வேறெங்கும் தேடவேண்டாம்.

பத்திரப்படுத்தும் முறை: முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். உள்ளே இருந்த பொருள் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதிவையுங்கள். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளித்துத் தாளையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. வெயிலிலும் காயவைக்கக்கூடாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் பொடித்துக் கற்பூரத்தோடு முடிந்துவைப்பது பழைய வழக்கம். நமக்கு வசம்பே போதும்.

5. குரலும் படமும்

வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவுகளை முதலில் காப்பாற்றுங்கள். போன் மாறும்போது முதலில் தொலைவது அதுதான். எல்லாப் பேரப்பிள்ளைகளிடமும் கேட்டு ஒரே இடத்தில் சேர்த்து, யாருக்கு எப்போது அனுப்பியது என்று கோப்பின் பேரிலேயே போட்டுவிடுங்கள். எங்களுக்குப் பதினொன்று கிடைத்தன. ஏழில் "சாப்ட்டியா" என்பதுதான் விஷயம்.

பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடி மேலேயே சற்றுச் சாய்வாகப் படமெடுங்கள். பின்பக்கம் பேர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் விழுத்தும்.

பிறகு அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஆச்சியின் வயசுக்காரர்களிடம் போங்கள். "ஆச்சியப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "நல்ல மனுஷி" என்பதோடு முடித்துவிடுவார்கள். படத்தைக் காட்டி, "இந்தச் சேலை யார் எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒரே ஒரு சேலைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது.

6. உழக்கை அளந்து பாருங்கள்

ஆச்சியின் முந்திரிக்கொத்துப் பலகாரத்தின் பக்குவம் எங்கள் அத்தைக்கு அத்துப்படி, ஆனால் எல்லாம் உழக்குக் கணக்கு. "பாசிப்பயறு நாலு உழக்கு, கருப்பட்டி ரெண்டு வட்டு." உழக்கும் வட்டும் வீட்டுக்கு வீடு மாறும். ஆச்சியின் பித்தளை உழக்கை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மருந்துக்கடையில் விற்கும் அளவுக் குப்பியில் கொட்டி மில்லியைக் குறித்துக்கொண்டோம். உடன்குடிக் கருப்பட்டியைத் தராசில் வைத்தோம். அத்தை கிண்டக் கிண்ட ஒருத்தி எழுத, ஒருத்தன் படம் பிடித்தான். பாகுப் பதம் மட்டும் எழுத்துக்குள் வரவில்லை. மூன்றாம் தடவைக்குத்தான் உருண்டை பிடிபட்டது.

7. கைப்பிடி அரிசிக் கணக்கு

உலை கொதித்ததும் அரிசியைப் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே போடுவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்களின் காணிக்கை. சம்பளம், சொத்து எதுவும் தன் பேரில் இல்லாதவளுக்கும் கர்த்தருக்குக் கொடுக்கத் தன் அடுப்படியில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப் போய்க் கொட்டுவாள். ஆச்சி அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்தாள். வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாளிலும் அந்தப் பாட்டிலில் கைவைக்க விடமாட்டாள் என்று அப்பா சொல்வார். சின்ன வயசில் அவருக்கு அதில் கோபமே உண்டு.

அது எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. என் கைப்பிடி 70 கிராம் வந்தது. ஆச்சியின் கை சின்னது. அவள் வளையல் சரியாகச் சேருவது சின்ன அத்தைக்கு மட்டும்தான். அத்தையைப் பத்துத் தடவை அள்ளச் சொல்லி எடைபோட்டோம், சராசரி 45 கிராம். ஒரு நாளைக்கு ஒரு கை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 16 கிலோ 425 கிராம். கல்யாணமாகி வந்ததிலிருந்து 60 வருஷம் உலை வைத்திருக்கிறாள். மொத்தம் 985 கிலோ சொச்சம். ஒரு டன்னுக்குப் பதினைந்து கிலோதான் குறைவு.

அந்த மொத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உங்கள் வீட்டில் கைப்பிடி அரிசி இல்லாமல் இருக்கலாம். ஆனால் தினமும் செய்த, யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று நிச்சயம் இருக்கும்: விடியற்காலை ஜெபம், பின்னின ஓலைப்பாய், திண்ணையில் வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு. அதைக் கண்டுபிடித்து எண்ணுங்கள். நன்றிக் காணிக்கை எவ்வளவு, எந்த வடிவில் என்பதும் அதிலிருந்தே வந்துவிடும். நாங்கள் 16 கிலோ அரிசியை ஒரு விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஆச்சி விட்டுப்போன ஒரு வருஷக் கணக்கு என்று சொல்லித்தான் கொடுத்தது.

8. ஜெபத்தின் ஒழுங்கு

ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், சிறுபிள்ளைகளும் முழங்கால் வலிக்காரர்களும் இருப்பார்கள். எங்கள் ஒழுங்கு இது: ஆரம்ப ஜெபம், ஒரு கீர்த்தனை, வேதபாடம், நான்கு சாட்சிகள் (ஆச்சியைப் பற்றிய நினைவைச் சொல்வது), இன்னொரு பாட்டு, ஐயரின் செய்தி, காணிக்கை ஜெபம், கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம்.

பாட்டுக்கு, ஆச்சி அடுப்படியில் முனகியதையே எடுங்கள். ஒரு சிக்கல்: பழைய ஆட்கள் பாடும் ராகமும் இப்போது கீபோர்டில் வாசிக்கிற ராகமும் ஒத்துப்போகாது. ஊரில் வயசானவர் ஒருவரை முதல் அடி எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கீபோர்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

வேதபாடத்தை அவருடைய புத்தகத்திலிருந்தே வாசியுங்கள், தாளைத் திருப்புவதில் கவனம். ஓரத்தில் எழுதியிருந்த ஐந்து தேதியையும் நான் வாசித்தேன். தேதிக்குரியவர்களில் நான்கு பேர் அங்கே இருந்தோம்.

சாட்சி சொல்கிறவர்களுக்கு மூன்றே விதி வைத்தோம். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒரே ஒரு சம்பவம், நீங்களே கண்ணால் பார்த்தது. குணத்தைச் சொல்லும் வார்த்தைகளுக்குத் தடை. "ஆச்சி பொறுமைசாலி" என்று ஆரம்பித்த மாமாவை அத்தை, "எப்போன்னு சொல்லு" என்று நிறுத்தினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஆச்சிக்குப் பொறுமை கிடையாது.

குறையையும் சொல்லவிடுங்கள். ஆச்சி பக்கத்து வீட்டுக்காரியோடு வேலித் தகராறில் நான்கு வருஷம் பேசவில்லை. அந்த நான்கு வருஷமும் இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்தண்டை போகாமல், பின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறதல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொண்டவள். கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சில்லுக்கருப்பட்டிப் பொட்டலத்தை முந்தியில் முடிந்துகொண்டு அந்த வீட்டு நடையில் போய் நின்றாளாம். இதைச் சாட்சியாகச் சொன்னதே அந்தப் பக்கத்து வீட்டு ஆச்சிதான். "வேலி அவ பக்கந்தான் தள்ளியிருந்துச்சு, ஆனா கருப்பட்டி நல்ல கருப்பட்டி" என்று முடித்தாள்.

ஐயருக்கு ஒரு வாரம் முன்பே இந்தக் குறிப்புகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், அவரும் மனுஷர்தானே.

9. கல்லறை

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். குழியை நிரப்பிய மண் இறங்கும். ஒரு வடகிழக்குப் பருவமழை, அதாவது ஐப்பசி கார்த்திகை தாண்டியபின் கட்டினால் விரிசல் வராது. எங்கள் மண் தேரிச் செம்மணல், இன்னும் மோசம். தாத்தா கல்லறையை நாற்பதாம் நாளே கட்டி, இரண்டு தடவை பூச வேண்டிவந்தது.

கல்லில் எழுத்து வெட்டுமுன், காகிதத்தில் முழு அளவில் எழுதி ஒட்டிப் பாருங்கள். பேர், தேதி, ஒரு வசனத்தின் எண் போதும். வசனம் முழுவதையும் வெட்டச் சொன்னால், இடம் போதாமல் கடைசி வரி எறும்பு மாதிரி ஆகிவிடும். ஞாபக நாளன்று காலையில் குடும்பமாகப் போய்ச் செடி பிடுங்கி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வையுங்கள். காற்றுக்கு மெழுகுவர்த்தி நிற்காது, தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்தால் நிற்கும்.

10. சாப்பாடு, செலவு, ஃபிளெக்ஸ்

பெரிய அசனமாக வைத்தால் அன்றைய பேச்சு முழுவதும் கறி வெந்ததா என்பதாகவே போய்விடும். நாங்கள் சுக்குக் காப்பி, முந்திரிக்கொத்து, பனங்கிழங்கு என்று நிறுத்திக்கொண்டோம். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் வீட்டில் சோறு. ஃபிளெக்ஸ் பலகை வேண்டாம் என்பது என் கட்சி. ஆச்சியை வெட்டி நீல மேகத்துக்கு நடுவில் ஒட்டி, இரண்டு பக்கமும் புறா பறக்கவிடுவார்கள். ஒரு சித்தப்பா கேட்காமல் அடித்துவிட்டார். அதையும் கட்டினோம், மாட்டுத்தொழுவப் பக்கமாக.

11. பொருட்களைப் பிரித்துக்கொள்வது

நகை, நிலம் எல்லாம் வேறு நாளில், வேறு ஆட்களோடு பேசவேண்டியது, ஜெப நாளில் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. உழக்கு, கண்ணாடி, விசிறி, சேலை மாதிரி விலையில்லாத பொருட்களை மட்டும் மறுநாள் காலை திண்ணையில் பரப்புங்கள். கடைசிப் பேரப்பிள்ளையிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும், பெரியவர்கள் கடைசி. சித்தி மகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய் மூக்குப்பொடி டப்பாவை எடுத்தாள். ஆச்சி மூக்குப்பொடி போடுவாள் என்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வேதபுத்தகம் அப்பாவிடம். ஹார்லிக்ஸ் பாட்டில் சின்ன அத்தைக்கு என்று எல்லோரும் சொன்னோம், கை அளவு ஒன்றாயிற்றே. அத்தை அதைச் சித்தி கையில் கொடுத்துவிட்டாள். போன வாரம் சித்தி போனில் குறைப்பட்டாள்: அவள் கை பெரிசாம், பாட்டில் வியாழக்கிழமையே நிறைந்துவிடுகிறதாம்.